ஐஸ்கிரீம் பெட்டியில் இருபது தோட்டாக்கள்

லோறென்ஸ்கூக் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள்.

"நீர் தந்துவிட்ட ஐஸ்கிரீம் பெட்டியைப் பாத்து என்ரை மனிசி பலகாரமெண்டு நினைச்சிட்டா," என்றார் மூத்தவர். "திறந்தால் இருபது தோட்டா!"

இளையவர் சிரித்தார். "நானே வீட்டிலை வெடிமருந்து நிரப்பினது அண்ணை. சுட்டுப் பாத்தனீங்களோ?"

"நான் தொடேல்லை. தன்ரை ரிவோல்வருக்கு அளவெண்டு மனிசிதான் சுடுற கிளப்புக்குக் கொண்டுபோனவ."

"அக்காவின்ரை ரிவோல்வரும் என்ரை மாதிரித்தானே?"

"ஓம், ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கிக்குப் பின்னாலை இருக்கிற குதிரையைக் கையாலை இழுக்கிறதுதான். ஆனா நூறு வருசப் பழசு."

இளையவர் எழுந்தே விட்டார்.

"ஐயோ! அது என்ரை புதுசு தாங்கிற அமுக்கத்துக்கு நிரப்பினது. பழைய இரும்பு தாங்காது அண்ணை, கையிலையே வெடிக்கும்! அக்கா எப்ப போனவ?"

"இப்பதான். நான் பஸ் ஏறேக்கை."

"போன் அடியுங்கோ, கெதியா அடியுங்கோ!"

மூத்தவர் அடித்தார். மறுமுனையில் மணி ஒலிப்பது எனக்கே கேட்டது. அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தார். அதுவும் ஓய்ந்தது.

"எடுக்கமாட்டா," என்றார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "சுடேக்கை காதை மூடியிருப்பா."