ரொனால்ட் பிலிப், பிலிப் ரொனால்ட்

நம் ஊர்க்காரர்களுக்குப் பாஸ்போர்ட் வாங்குவது பெரிய காரியமில்லை இன்ஸ்பெக்டர் மேடம். வாங்கின பிறகு அதில் தன் பெயர் எது, அப்பா பெயர் எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று யாரோ சொல்ல, அப்பா பெயரைக் கொண்டுபோய் அதில் உட்கார வைக்கிறோம். இங்கே முன்னால் நிற்கிற இனிஷியல் அங்கே பின்னால் போய்விடும். வளைகுடாவில் போய் இறங்கினதும் பாதிப் பேரை அவரவர் அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்களும் இதைத்தான் கேட்டீர்கள். "பேர் முன்ன பின்ன மாறிப்போச்சு, அவ்ளோதானம்மா?" என்றீர்கள். எங்கள் மேனேஜர் மெஹபூப் அலி உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அந்த மெடிக்கல் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். ஒரு நாளைக்கு எண்பது நெஞ்சு. ஒரு பெயரைக்கூடக் கைதவறி மாற்றி அடித்ததில்லை. 'ஐரின், வயது 46, கவனக்குறைவு' என்று நீங்கள் எழுதிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்ததை நானே எழுதித் தருகிறேன்.

வேலை விசா அடிப்பதற்கு முன்னால் எல்லோரும் எங்களைப் போன்ற இடத்துக்கு வந்தாக வேண்டும். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரலில் காசநோயின் பழைய தழும்பு தெரிந்தாலே போதும், 'அன்ஃபிட்' என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து அழுத ஆண்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி ரொனால்டுக்கு முப்பத்து மூன்று வயது. ஏ.சி. மெக்கானிக். எங்கள் அப்பா பிலிப், இவனுக்கு எட்டு வயதாகும்போது மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. செத்துப்போகவும் இல்லை. அங்கேயே ஒரு குடும்பம் அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மா அந்த வருடமே செத்துப்போனாள். எனக்கு அப்போது இருபத்தொன்று. எங்கள் மாதா கோயில் பங்கில் இரண்டு வரன் வந்தது. தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். இரண்டு வீட்டாருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மந்தைவெளியில் இரண்டு அறை, நான், அவன். நன்றாகத்தான் இருந்தோம்.

மே மாதம் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அக்கா, தோஹா! ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டு. சூப்பர்வைசர் வேலைக்கா."

"சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

"கேம்ப்புல மெஸ்ஸு கீதுக்கா. நீ இன்னாத்துக்கு அதெல்லாம் யோசிச்சிக்கினு கீற?"

அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கில்லை. இருபத்தைந்து வருடம் நான் சமைத்துப் போட்ட வீட்டில் ஒரு நாள்கூட வராத சந்தோஷம், யாரோ ஒரு அரபிக்காரன் அனுப்பின காகிதத்தில் வந்துவிட்டது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. தடுத்தால் முறுக்கிக்கொண்டு போவான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி அவனுக்கு மெடிக்கல். அன்று காலை பத்தரை மணிக்கு வேளச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். வெல்டர். பெயர் பிலிப், அப்பா பெயர் ரொனால்ட். எனக்குச் சிரிப்பு வந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தேன். திரையில் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளை. டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அது தழும்புகூட இல்லை, உயிரோடு இருக்கிற நோய். "இருமல் இருக்கா?" என்று கேட்டேன். "தூசிங்க சிஸ்டர், வெல்டிங் வேலையில்ல?" என்றார்.

அரைமணி கழித்து அதே இடத்தில் என் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். அவன் படம் பளிங்கு மாதிரி இருந்தது.

இரண்டு படங்களுக்கும் நான்தான் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அடிக்க வேண்டும். ரொனால்ட் பிலிப். பிலிப் ரொனால்ட். பின்னால் யாராவது கண்டுபிடித்தாலும், பெயர் திரும்பிப்போயிற்று என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள் என்று அப்போதே தெரியும். வெளிநாட்டுக்காரனுக்கு இது புரியாது. நமக்கு நன்றாகப் புரியும். அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் 'அன்ஃபிட்' வந்தது. ரொனால்ட் அழவில்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாம் நாள் நான் செய்த மீன் குழம்பைச் சாப்பிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் படத்தில் நோய் என்று இருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டுமே. அவனே கிளம்பினான். ராயப்பேட்டையில் எனக்குத் தெரிந்த நெஞ்சு டாக்டரிடம் நானும் கூடப் போனேன். சளியில் கிருமி இல்லை. "எதுக்கும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?" என்றார் டாக்டர். "எடுத்தது நான்தான் டாக்டர்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆறு மாதத்துக்கு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், மொத்தமாக. நானே எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதும் பயந்து ஓடிவந்தான். "மருந்து வேலை செய்யுதுடா, பயந்தாங்கொள்ளி" என்று தலையில் தட்டினேன். அவனும் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த மாதிரி இருந்தது. அந்த ஜூலை மாதம் எங்கள் வீடு நன்றாக இருந்தது மேடம். சீக்கிரம் வந்துவிடுவான். களைப்பாக இருக்கிறது என்று வெளியே எங்கும் போக மாட்டான்.

ஆகஸ்ட் முதல் வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றான். பிறகு வாந்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது வெளிச்சத்தில் அவன் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். இந்த மாத்திரை சிலருக்கு ஈரலைத் தின்றுவிடும், கண் மஞ்சளானால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஓடினால் டாக்டர் மாத்திரையை நிறுத்துவார், முதலிலிருந்து பார்ப்பார், வேறொரு இடத்தில் படம் எடுக்கச் சொல்லுவார். படம் பளிங்காக வரும். பளிங்காக வந்தால் தோஹா.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். காலையில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் கீழாநெல்லி. இரண்டையும் பதினோரு நாள் கொடுத்தேன். நம் வீடுகளில் மஞ்சள் காமாலைக்கு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பன்னிரண்டாம் நாள் என்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டான். புத்தி தடுமாறுகிறது என்று தெரிந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். மருந்து ஏற்றியதும் இரண்டு நாள் நன்றாகத் தெளிந்து பேசினான்.

அந்த இரண்டு நாளில்தான் வேளச்சேரி பிலிப் வந்தார். என் தம்பி படத்தில் 'ஃபிட்' ஆகி அவரும் தோஹாவுக்குத்தான் போயிருந்தார். அங்கே இறங்கினதும் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் மாட்டிப் பதினேழாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன்னால் வீட்டில் இருமிக்கொண்டிருந்ததில் அவருடைய ஐந்து வயதுப் பெண்ணுக்கும் இப்போது மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்காக வருந்துகிறேன். குழந்தைக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது, குணமாகிவிடும். அவர் தன் பெயர் போட்ட படத்தோடு சென்டருக்குப் போய், அங்கே விஷயம் தெரிந்து, பாவம், என் தம்பியிடமும் சொல்ல வேண்டும் என்று இங்கே வந்தார். "யாரோ பேர மாத்திட்டாங்க பிரதர், நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போச்சு" என்று படத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரொனால்ட் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒன்பது வயதில் தண்ணீர்த் தொட்டிமேலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது அவனுக்கு. கோணலாகத்தான் கூடியது. படத்தில் அந்தக் கோணல் தெளிவாக இருந்தது. கட்டுப்போட அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினது நான்.

"இது என் எலும்புக்கா" என்றான். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனுக்குத் தெரியாதா இது?"

படத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவன் கண் மஞ்சளாக இருந்தாலும் பார்வை கூர்மையாகத்தான் இருந்தது.

ஈரல் போய்விட்டது, வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று டாக்டர்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். என் ரத்தம் பொருந்துகிறது. என் ஈரலில் பாதியை வெட்டி அவனுக்கு வைக்கலாம், இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடுமாம். அதை அவனிடம் சொன்னேன்.

"வேணாம்" என்றான். "உன்னோடது ஒண்ணும் என் உடம்புக்குள்ள வேணாம். நான் செத்தா சாவுறேன். என்னை உட்டுடு."

நர்ஸ் அப்போது அறையில் இல்லை. மறுநாள் காலை நினைவு தப்பிவிட்டது.

ஆபரேஷனுக்கு இரண்டு படிவம். ஒன்று கொடுப்பவருக்கு. மற்றது பெறுபவருக்கு. அவருக்கு நினைவில்லாவிட்டால் நெருங்கிய உறவினர் கையெழுத்திட வேண்டும். அவனுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? இரண்டிலும் நானே போட்டேன். நோயாளி முன்பு எப்போதாவது மறுப்புச் சொன்னாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் என்னை உள்ளே அழைத்துப் போவார்கள். இந்தக் காகிதத்தை மெஹபூப் அலி சாயங்காலம் உங்களிடம் சேர்ப்பார். அதற்குள் வேலை முடிந்திருக்கும். செய்ததெல்லாம் நான்தான், தெரிந்துதான் செய்தேன். உங்கள் கடமையை நீங்கள் செய்யுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி ஆயுள் முழுக்க அவன் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டுமாம், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருந்தாக வேண்டுமாம். என்னை வெகுதூரம் எங்கும் கொண்டுபோய்விடாதீர்கள். கண் விழித்ததும் அவன் முதலில் "அக்கா எங்கே" என்றுதான் கேட்பான்.