முழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்

மீனில் முள் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். கெண்டை என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். வஞ்சிரத்துக்கு அதுகூட வேண்டாம். நான் தர்மபுரிப் பக்கம். எங்கள் வீட்டில் மீன் வாங்குகிற வழக்கமே இல்லை. அம்பத்தூரில் வேலை கிடைத்து, அயனம்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்த பிறகுதான் பழகினேன். இருபத்தாறு வயதில் பழகுகிறவனுக்கு ஆரம்பத்தில் கை தடுமாறத்தான் செய்யும். நிர்மலுக்கு இது புரிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரிக்கரையில் சொர்ணம் அக்கா கடை எங்களுக்கு. தகரக் கூரை, ஆறு மேஜை. அக்கா அடுப்பைப் பார்ப்பார், அவர் வீட்டுக்காரர் வேம்புலி பரிமாறுவார். நாங்கள் மூன்று பேர், ஒரே ஆபீஸ். நிர்மல் பட்டாபிராம்காரன், ஜமீர் பூந்தமல்லி, அப்புறம் நான், பரந்தாமன்.

நிர்மலுக்கு இறால் ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆபீஸ் விருந்தில் ஃபிரைட் ரைஸில் தெரியாமல் ஒரு துண்டு தின்றுவிட்டு, முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தான். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான்தான். அடுத்த தடவை இதைவிட மோசமாக இருக்கும், ஊசி மருந்து எப்போதும் கையோடு இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். அன்றிலிருந்து மருந்து டப்பா அவனுடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. அக்காவும் இறாலுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி வைத்துவிட்டார். எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுவது நிர்மல் மீன்தான். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்தார்.

எங்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஊட்டும் மீன் எது என்று சொல்ல வேண்டும். முதல் வாரமே நான் ஜிலேபி மீனை வஞ்சிரம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு தப்பை நிர்மல் இரண்டு வருஷம் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஒரு நாளும் தோற்றதில்லை. ஒருமுறை ஜமீர் மென்று பார்த்துத் துப்பிவிட்டான். அன்றைக்கு நிர்மல் ஒரு சட்டம் போட்டான்.

"வாய்ல வெச்சிகினு துப்புறதெல்லாம் கள்ளாட்டம் மாமே. முழுங்கிட்டுதான் சொல்லணும்."

ஊட்டுகிற வேலையையும் என் தலையில் கட்டினான். "பரந்தாமன் ஊட்டட்டும். அவனுக்குத்தான் மீன் பேரே தெரியாதே, இன்னாத்த காட்டிக் குடுக்கப் போறான்?" என்றான். இரண்டு வருஷம் ஊட்டினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ரோஷினியை அங்கே அழைத்துப் போனேன். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் என்று பேச்சு. நான் முள் எடுக்க ஆரம்பிப்பதற்குள் நிர்மல் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சதையைப் பிய்த்துச் சோற்றில் வைத்து, "கொயந்தைக்கு மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது? கண்ணாலத்துக்கு அப்பால இத நீதான் பண்ணணும்மா" என்று அவளிடம் சொன்னான். ரோஷினி சிரித்தாள். ஒரு தடவைதான் சிரித்தாள், மேடம். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சோற்றை நான் முழுக்கத் தின்றேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா கடையில் சுறாப் புட்டு பார்சல் வாங்கினேன். வீட்டில் இறாலை வேகவைத்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, புட்டோடு சரிபாதி கலந்தேன். வெங்காயமும் பூண்டும் இருப்பதால் வித்தியாசம் தெரியாது. நானே வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள் மதியம் அவனுடைய ஸ்கூட்டரை நான் ஓட்டி வந்தேன். நிறுத்திவிட்டுச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக்கு நடுவில், இன்னொரு பொரித்த மீன் சொல்ல ஜமீர் எழுந்து போனான். நிர்மல் தானே துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான். நான் கொண்டுபோன டப்பாவிலிருந்து ஒரு பெரிய கவளம் ஊட்டினேன். சட்டப்படி முழுங்கினான்.

"சுறா," என்றான், அடுப்புப் பக்கம் நின்ற ஜமீருக்கும் கேட்கும்படி. "இதெல்லாம் ஒரு கேள்வியா, நைனா?"

துண்டை அவிழ்த்து இரண்டு மூன்று நிமிஷத்துக்கெல்லாம் கழுத்தைத் தடவ ஆரம்பித்தான். உதடு தடித்தது. ஓடி வந்த ஜமீர் சாவி எங்கே என்று கேட்டான். நிர்மலிடம்தான் இருக்கும் என்றேன். இருவருமாக அவனைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு பையாகத் தேடினோம். நானும் நன்றாகத்தான் தேடினேன். நிர்மல் என் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்; கையை அந்தப் பக்கம் தூக்கவும் பார்த்தான். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று.

எல்லாம் அடங்கியபின் நாற்காலிக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

சொர்ணம் அக்கா உங்களிடம் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். "நான்தான் கரண்டிய மாத்திட்டேன் போல கீது" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் கேட்காமலே சொன்னார். மாற்றவே இல்லை, மேடம். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் மாற்றியதில்லை. இப்போது அவர் பேரில் கேஸ், கடைக்குப் பூட்டு. வேம்புலி ஏரியைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் அறியாத குடும்பம் கெட்டுப் போகக் கூடாது என்றுதான் நானாக வந்தேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

ஏன் பதினாறு நாள் கழித்து வந்தாய் என்று கேட்டீர்கள். இன்றைக்குத்தான் பட்டாபிராமில் நிர்மலுக்குக் காரியம் நடந்தது. படையலில் வஞ்சிரம் வைத்திருந்தார்கள். ஜமீர் அவன் படத்துக்கு முன்னால் நின்று, ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"கடசி வரிக்கும் தோக்கவே இல்லடா அவன். கண்ணக் கட்டிகினு கரெக்டா சுறான்னு சொல்லிட்டுதான் போனான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

அது சுறா இல்லை, மேடம். பாதி இறால். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்னது தப்பு. ஜமீருக்குச் சொல்லிவிடுங்கள், ரோஷினிக்கும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவன் தோற்றுத்தான் போனான்.