மணி அடிக்காத மதியம்

உங்கள் பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை, சார். காகிதக் கட்டைப் பிரித்து விசிறாமல் அப்படியே தட்டில் திணிக்கிறீர்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்குகின்றன. அந்தக் கான்ஸ்டபிளை அதன் தலையில் தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதெல்லாம் உங்கள் தொழிலுக்குச் சரி, என் தொழிலுக்கு ஒத்துவராது.

என்னை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று தெரியும். முதியோர் இல்லத்தில் ஏழாம் அறை அம்மா இறந்துபோன மதியம் அழைப்பு மணி ஏன் அடிக்கவில்லை என்று, அந்த இல்லத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும். எனக்குச் சிரமம் வைக்காமல் நீங்களே எழுதியும் வைத்துவிட்டீர்கள். 'பழைய கருவி தானாகவே நின்றுபோயிருக்கிறது, யார் மீதும் தவறில்லை.' நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் பொறுப்பில் இருக்கும் எந்தக் கருவியும் தானாக நின்றதில்லை. பேப்பரில் இப்படி ஏறிவிட்டால் நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. சின்ன முதலாளிகளுக்குக் கணினி வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க மனம் வராது. அதனால் வெளியிலிருந்து என்னைப் போன்ற ஒருவனை வருட ஒப்பந்தத்தில் பிடித்துப் போடுவார்கள். பல் டாக்டர், ஆடிட்டர், மரக்கடைக்காரர், அச்சகம், அந்த முதியோர் இல்லம், இப்படி. என் அலுவலகத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே இவர்கள் எல்லாருடைய கணினிக்குள்ளும் போய்வருவேன். வீட்டுச் சாவியை உடன்பிறந்தவனிடம் கொடுக்கவே யோசிக்கிறவர்கள், இந்தச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொடுத்ததையே மறந்துபோனார்கள்.

அவர்களைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் அப்படித்தான். ஆடிட்டர் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருப்பார், மறைவாக இருக்கட்டும் என்று மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிடுவார். பல் டாக்டர் கணினி ஓடவில்லை என்று அலறுவார், போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் போட்டிருக்காது. மரக்கடைக்காரர் என்னை 'வயர்க்காரரே' என்றுதான் கூப்பிடுவார். நான் வயரைத் தொட்டே பல வருடம் ஆகிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நானும் போய்விடுவேன்.

இந்தத் தொழிலில் ஒரு சாபம் உண்டு. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காவிட்டால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயத்தில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். "வருஷம் பூரா ஒரு ரிப்பேர்கூட வரலியே, நீங்க என்னதான் பண்ணீங்க?" என்று மரக்கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். ரிப்பேர் வராததுதான் நான் பண்ணியது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

அதே வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் உண்மையாகவே ஒரு கோளாறு வந்தது. கணக்குத் தாக்கல் செய்கிற நெருக்கடி நாளில் எல்லாக் கணினியும் படுத்துவிட்டன. ஓடினேன், சரிசெய்தேன். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் செத்தேன்" என்றார். காப்பி வரவழைத்தார். புதிய ஒப்பந்தத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு ஞானம் பிறந்தது.

அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் புதுப்பிக்கும் காலத்துக்குச் சற்று முன்னால் சின்னதாக ஒன்றைச் செய்வேன். அதற்கு நான் வைத்த பெயர் நினைவூட்டல். மரக்கடையில் பில் வராது. பல் டாக்டரிடம் எந்த நோயாளி எப்போது வருகிறார் என்ற பட்டியல் திறக்காது. எதுவும் அழியாது, எவருக்கும் நஷ்டம் வராது. நான் ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் போன் வரும், போவேன், நெற்றியைத் துடைத்துக்கொள்வேன், சரியாகிவிடும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நீங்கள் மனதுக்குள் சொல்வது கேட்கிறது. கிள்ளினால்தான் தொட்டிலில் பிள்ளை இருப்பதே வீட்டாருக்கு நினைவு வருகிறது என்றால், தொட்டிலை ஆட்டுகிறவன் வேறென்ன செய்வான்?

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தேன். அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் போவேன். கூப்பிடாத வீட்டில் போய் நின்றால் மரியாதை இல்லை. அதோடு, உனக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியும் வரும்.

இப்போது இல்லத்துக்கு வருகிறேன். அதை நடத்துகிற அம்மா பழைய நர்ஸ். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரிந்து மணி அடிக்கும். எல்லாம் பின்னறைக் கணினி வழியாகப் போகிறது, எந்த அறையில் அழுத்தினாலும் என் அலுவலகத் திரையிலும் ஒரு வரி வந்து விழும். இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் வேறு எங்கும் செய்ததில்லை.

ஏழாம் அறை அம்மா அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். டெலிபோன் அம்மா என்பார்கள். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, குரலும் எழும்பாது, பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். பொத்தான் வலப்பக்கம் இருந்தது. யாரும் சொல்லாமல் நானே அதை இடது கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அமுக்கிப் பாருங்கம்மா" என்றேன்.

"வேணாம் தம்பி. சும்மா சும்மா லைனைப் பிடிச்சுக்கிட்டா அவசரக்காரங்க என்ன பண்ணுவாங்க? எனக்கு உயிர் போற அவசரம்னாதான் தொடுவேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வருஷம் ஒரு தடவகூட மணி நிக்கல. யாரோ ஒருத்தர் கண்ணு மூடாம பாத்துக்கறாங்கன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான், லைன் ஒழுங்கா இருந்தா எங்கள யாரும் நெனைக்க மாட்டாங்க."

என் வாடிக்கையாளர்களிலும் அவர்களைச் சேர்ந்தவர்களிலும் என் தொழிலைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் சிஸ்டரின் மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஏதோ பெரிய கம்பெனியில் வேலை. கைக்கு அடக்கமான லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் அங்கே நிற்பதையே கவனிக்காமல் பேசினார்.

"அத்தை, இதெல்லாம் இப்ப ஆன்லைன்லயே பாத்துக்கலாம். இவருக்கு எதுக்கு வருஷா வருஷம் அழறீங்க?"

சிஸ்டர் எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். "அதுவும் சரிதான் மாப்ள. இவரு இந்தப் பக்கம் வந்தே எத்தனையோ மாசமாச்சு" என்றார். கையில் அவர் கொடுத்த தேநீரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன். இந்த இல்லம் கைவிட்டுப் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். என் பிழைப்பே அதில்தான் நின்றது.

ஆகவே மறுநாள் மதியம் மணியை நிறுத்தினேன். பழுதாக்கவில்லை, நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினால் என் திரையில் வரி வரும், நர்ஸ் மேசைக்கு மட்டும் எதுவும் போகாது. எத்தனை சுத்தமான வேலை என்று உங்களுக்குப் புரியாது, புரிகிறவர்கள் பாராட்டுவார்கள். பிறகு தேநீர் போட்டுக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தேன்.

போன் வரவில்லை.

என் கணக்கு எங்கே தப்பியது என்று அன்று எனக்குப் புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. பில் வராவிட்டால் மரக்கடைக்காரர் கத்துவார். மணி அடிக்காவிட்டால் எந்த நர்ஸ் கத்துவாள்? மணி அடிக்காத மதியம் கிடைத்தால் காலை நீட்டிக்கொண்டு, இன்றைக்குப் பெரியவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று சந்தோஷப்படுவாள். மூன்றாம் அறைப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "எத்தன தடவம்மா மணியடிக்கிறது?" என்று கேட்டாராம். "நீங்க எங்க தாத்தா அடிச்சீங்க? மறந்திருப்பீங்க" என்று தோளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டார்களாம். உங்களிடம் அவர்களே சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் அதையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டீர்கள். நான் எதையும் உடைத்து வைக்கவில்லை சார். கவனிக்கிறார்களா என்று பார்த்தேன். கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் வேலை இருந்தாலும் தெரியவில்லை, நின்றாலும் தெரியவில்லை என்றால் நான் எதற்கு? கூப்பிடட்டும், அதுவரை ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஏழாம் அறையிலிருந்து ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தது.

என் மனைவிதான் அலுவலகத்தில் போன் எடுப்பவள். அவளும் திரையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, ஏழாம் நம்பர்லேருந்து விடாம வருதே. யாரும் போய்ப் பாக்கல போலிருக்கு. ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேணாம். அவங்க கூப்பிடட்டும்."

"அது அந்த டெலிபோன் அம்மா ரூம்தானே? அவங்க லேசுல அமுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தலகாணி சரிஞ்சிருக்கும். நீ போனைத் தொடாத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் கை போனின் மேல் இருந்தது, எடுக்கவில்லை. நான் சொன்னால் கேட்பவள். இப்போது அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள், மாமியாருக்கு முட்டி வலி.

வரிகள் திரையை நிரப்பி மேலே ஏறிப்போயின. முதலில் நிதானமாக வந்தன, ஒரு ஆபரேட்டர் மரியாதையாக மறுபடி மறுபடி முயல்கிற மாதிரி. அப்புறம் நெருக்கமாக வந்தன. பிறகு ஒரு நீண்ட வரி, பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் அப்படித்தான் வரும். அதன் பின் ஒன்றும் இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதுங்கள்.

அதன் பிறகு மணியை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன், யாரும் கேட்காமலே. கொடுத்த உடனே யாரோ தண்ணீர் கேட்டு அழுத்தினார்கள், மேசையில் மணி கணீரென்று அடித்ததாம், நர்ஸ் எழுந்து போனாளாம். தானாக நின்ற கருவி அப்படி அடிக்குமா? மாலைத் தேநீர் கொண்டுபோன பெண்தான் ஏழாம் அறையில் பார்த்திருக்கிறாள். மூச்சடைத்துப் போயிருந்ததாம். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது என்று அவர் மகள் உங்களிடம் அழுதிருக்கிறார். அந்த மகள் மட்டும்தான் சரியாகப் பேசியிருக்கிறார்.

சிஸ்டர் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மணி வேல செய்யுதான்னு கொஞ்சம் வந்து பாருங்களேன். நீங்க பாத்துச் சொன்னாதான் எனக்கு நிம்மதி." போனேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒப்பந்தம் அன்றைக்கே புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு நர்ஸையும் தினமும் மணியைச் சோதிக்கச் சொல்லிவிட்டு வந்தேன், அலட்சியம் எனக்குப் பிடிக்காது.

இதற்குப் பிறகும் அந்த மாப்பிள்ளை உங்களிடம் வந்து, பழைய கருவி, லோக்கல் ஆள், தானா நின்னிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் எழுதிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை அடித்துவிடுங்கள். கருவி கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. அந்த அம்மா அழுத்திய ஒவ்வொரு முறையும், ஒன்றுகூடத் தவறாமல், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மணியை நிறுத்தியது நான், நிறுத்தியே வைத்திருந்ததும் நான். இதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? தண்ணீரெல்லாம் வேண்டாம். ஒரு போன் செய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள், என் மனைவியும் இதையேதான் கேட்டாள். நீங்கள் எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். நான் ஓடிவிடவில்லை, தூங்கவில்லை, வேறு வேலை பார்க்கவில்லை. அந்த மதியம் முழுக்க அந்தத் திரைக்கு முன்னால், கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன், சார். ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை.