வெயில் ஆகாத மாத்திரை

— சன்னல்ல அந்தச் சாக்கை நல்லா இழுத்து விடு, சகாயசெல்வி. வெயில் காலுல விழுது பாரு.

— விட்டாச்சு. கையை நீட்டுங்க, எண்ணெய் போடணும். ஐயோ மாதாவே, இன்னும் தோல் உரியுதே!

— மெல்லட்டி! எரியுது.

— உண்ணிக் காய்ச்சல் மாத்திரை தீருற வரைக்கும் வெயில்ல போகாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!

— நானாவா போனேன்? சீட்டைக் காட்டினேன். மேஸ்திரி பக்தவத்சலம் கிழிச்சுக் கடல்ல போட்டான். 'ஏல சிலுவைராஜி, மாத்திரை தின்னா வெயில் சுடுமோ? யாருகிட்ட கதை விடுத?'ன்னு அத்தனை பேரு முன்னால சிரிச்சான். சட்டையைக் கழட்டச் சொல்லி, மூணு மணி வரைக்கும் கப்பல் அடையுற ஜெட்டியில மரம் உருட்ட விட்டான்.

— அவன் கட்டையில போக! அந்தமான்ல இந்த ஹட் பேக்குக் காடு வெட்ட வந்தோமா, வெந்து சாக வந்தோமா? மூஞ்சி வீங்கி வந்து நின்னதும் உங்க மகளே உங்களைப் பாத்து அலறிட்டா. அவனைச் சும்மா விட எனக்கு மனசில்ல.

— எனக்கு மட்டும் இருக்கா? இந்தக் கையால இனி எப்போ கோடாலி பிடிப்பேனோ.

— அவனுக்கும் அதே காய்ச்சலாமே?

— ஆமா, உண்ணி கடிச்சிருக்கு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். அதே மஞ்ச மாத்திரை.

— அப்ப டாக்டர் வாயாலயே கேட்டிருப்பானே, வெயில் ஆகாதுன்னு?

— பெங்காலி டாக்டரு ஹிந்தியிலல்லா சொன்னாரு. இவன் மெயின்லாண்டுலேருந்து வந்து ரெண்டு மாசந்தான். ஒரு எழவும் புரியல. நாந்தான் தமிழ்ல சொன்னேன்.

— அப்படிப் போடுங்க! நல்லா வெயில் காயணும்னு சொன்னீங்கல்ல?

— இல்லட்டி. உள்ளதை அப்படியே சொன்னேன். வெளியே தலை காட்டாதீரும், முழுக்கை சட்டை போடும், இல்லன்னா என் கதிதான் உமக்கும்னு.

— அட மானங்கெட்ட மனுசா! உங்களை வேக வச்சவனைக் காப்பாத்திட்டா வந்திருக்கீங்க? வெக்கமா இல்ல? இந்நேரம் நிழல்ல காலை நீட்டிப் படுத்திருப்பான்.

— எங்க படுத்தான்? காய்ச்சல் விட்டதும், மாத்திரை தீருற முன்னாலயே எழும்பிட்டான். இப்ப கப்பல் ஜெட்டியில, வெயில்ல வெத்து உடம்போட நிக்கான். கப்பல் வர்ற நேரத்துல அவனை வீட்டுல முடக்கிப் போட்டு, அவன் எடத்தைப் பிடிக்க நான் பொய் சொல்லுதேனாம்.

— நம்பலையா?

— தமிழ் தெரிஞ்ச நர்ஸம்மா அங்கதான் நின்னாங்க. அவங்களே சொல்ல வந்தாங்க. 'வேண்டாம் சிஸ்டர், நானே சொல்லுதேன்'னேன். நான் சொன்னா அவன் நம்பமாட்டான்லா.