பின்சீட்டில் ஒரு முதலாளி

மவுண்ட் ரோட்டிலிருந்து மயிலாப்பூருக்கு வரும் டிராமில், எனக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர் தம் அக்கா புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலமானா கார்ல சும்மா உக்காந்துண்டு போறதுதான், அத்திம்பேர், என் உத்தியோகம்.”

“நீ கார் விக்கற கம்பெனியிலன்னா இருக்கே?”

“அந்தப் பெரிய காரை யாரும் வாங்க மாட்டேங்கறா. ரோட்டுல ஓடினாலாவது நாலு பேர் ஆசைப்படுவான்னு, என்னை முதலாளி மாதிரி பின்சீட்ல உக்காத்தி வச்சு மயிலாப்பூர் லஸ் முனையைச் சுத்த விடறா. இப்போ அந்தக் காரைச் சீமையிலேருந்து வரவழைக்கறதையே நிறுத்திடலாமான்னு கம்பெனி துரை யோசிக்கறாராம்.”

“நிறுத்தட்டுமே. வேற காரை வித்துட்டுப் போறே.”

கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். “என் பொண்ணுக்கு நாம போய்ப் பாத்துட்டு வந்தோமே, அந்தப் பையனோட அப்பா அன்னிக்கு லஸ்ல அவாத்து வாசல்ல நின்னுண்டிருந்தார். என் கார்னு நினைச்சுண்டு கும்பிட்டார். நானும் உள்ளேருந்தே தலையை ஆட்டிட்டேன்.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா!”

“வாயே வரலே. டிரைவர் வேற கண்ணாடியில என்னையே பாத்துண்டிருந்தான்.”

லஸ்ஸுக்கு முந்தின நிறுத்தத்திலேயே அவர் எழுந்துகொண்டார்.

“இங்கே எதுக்கு இறங்கறே?”

“டிராம் அவாத்து வாசல்லதான் நிக்கும். நீங்கோ போங்கோ, நான் சந்து வழியா நடந்து வந்துடறேன்.”

லஸ்ஸில் டிராம் நின்றது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரியவர் விசிறிக்கொண்டு நின்றார். அத்திம்பேர் மடியிலிருந்த பேப்பரை அவசரமாக விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.