மூஞ்சிக்கு நாலு, விரலுக்கு ஆறு

ஹலோ… ஆமா அத்தை, நபுக்கேராதான் பேசுறேன்… ம்… ம்… கிளினிக்லதான் இருக்கேன்… இல்ல, இன்னும் முடியல… முடியலன்னா, நான் விடல. தாடை முடிக்கு லேசரே வேணாம்னு சொல்லிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

…

கத்தாதீங்க. நீங்க கத்துறது மெஷின் பக்கத்துல நிக்கிற பொண்ணுக்கே கேக்குது… ஆமா, கெமிகிசாதான், லேசர் போடுறவ. அவளத் திட்டாதீங்க.

… ஆமா, ஆமா, சொல்றேன். தோலுக்கு ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் நம்பர் வெச்சிருக்காங்க. வெள்ளைக்காரங்க ஒண்ணு. நம்ம ஆறு. இந்த மெஷினு நாலுக்கு மேல ஆகாது. அவ என் மூஞ்சியப் பாத்துட்டு நாலுன்னு தட்டிட்டா… சந்தோஷப்படாதீங்க! அது என் நிறமா? நீங்க வாங்கிக் குடுத்த கிரீமோட நிறம்!

… சுட்டுச்சு. ஆமா. காதுக்குக் கீழ, சோதனைக்குன்னு ஒரே ஒரு தடவை வெச்சா. அவரை விதை அளவுக்குக் கொப்புளம்… ஐயோன்னு கையக் கொண்டு போனேன். அப்பதான் அவ என் விரல் முட்டியப் பாத்தா. மூணு மாசமா மூஞ்சிக்குத்தானே பூசுறேன், முட்டி எப்படி வெளுக்கும்? "அக்கா, நீங்க ஆறு"ன்னா.

…

அந்த ஒளிக்குக் கருப்பத் தேடிப் போகத்தான் தெரியும் அத்தை. முடியில இருந்தா என்ன, தோல்ல இருந்தா என்ன? கிரீம் பூசி உங்களையும் என்னையும் ஏமாத்தலாம். அத ஏமாத்த முடியல.

… சூட்டக் குறைச்சா முடி போகாது. தோலு மட்டும் வாடும்… கேட்டேன், கேட்டேன். ஆழமாப் போற வேற லேசர் இருக்காம், நம்ம தோலுக்கு அதுதான் சரியாம். அது இங்க இல்ல. இருந்தாலும் மொதல்ல கிரீம நிறுத்தணும். அப்புறம் ஆறு தடவை, எட்டு தடவை, மாசக்கணக்கா… சனிக்கிழமை நிச்சயத்துக்குள்ள நடக்காது.

… சவரமா? நம்ம சுருட்டை முடிய வெட்டினா என்ன ஆகும்னு தெரியாதா? வளைஞ்சு திரும்பித் தோலுக்குள்ளயே போயிடும். மாப்பிள்ளை கழுத்தப் பாத்திருக்கீங்கல்ல? பலாப்பழம் மாதிரி… சிரிக்கிறீங்க பாருங்க! முகேர்வா கழுத்து பலாப்பழமா இருக்கலாம், எனக்குத் தாடையில பதினேழு முடி இருந்தா குடும்ப மானம் போயிடுமா?… ஆமா, எண்ணினேன். ஒவ்வொண்ணையும் தெரியும் எனக்கு.

… … தெரியாது. அவருக்குத் தெரியாது. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பிடுங்கிட்டுத்தானே அவரப் பாக்கவே போவேன்.

… ஓடுவாரா? ஓடட்டும். இருநூறு பேருக்கு முன்னாடி, வேர்வையில பவுடர் கரைஞ்சு தெரியிறதுக்கு, இன்னிக்கே தெரியட்டும்.

…

என்னது?… இன்னொரு தடவை சொல்லுங்க… என் குவாஞ்சுலாவுக்கு, நிச்சயத்துக்கே வர மாட்டீங்களா?

… …

அத்தை. மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேரும் வெள்ளை அங்கி போட்டு வரிசையா உக்காந்திருப்பாங்க. உள்ள போயி இவருதான்னு அடையாளம் காட்டுறது அப்பாகூடப் பொறந்தவதான். ஆமா, உங்க உரிமைதான். யாரு இல்லன்னா?… சரி, வராதீங்க. நானே எந்திரிச்சுப் போயிக் காட்டுறேன்… ஆமா, பொண்ணேதான். நானேதான்… வழக்கம் இல்லையா? இனிமே இருக்கட்டும்!

… … …

அத்தை? லைன்ல இருக்கீங்களா?… அழுறீங்களா?… அழுங்க. அழுதாலும் திரும்ப அந்த லேசருக்குப் படுக்க மாட்டேன். வலிக்குது அத்தை. காது வரைக்கும் வலிக்குது.

…

ம்… ம்… வர்றதுன்னா வாங்க. இடம் வெச்சிருப்பேன். ஆனா தாடையப் பாத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது… யோசிங்க. சனிக்கிழமை வரைக்கும் யோசிங்க. இப்ப போன வைங்க.

… ஏன்னா முகேர்வாவக் கூப்பிட்டுச் சொல்லணும். தைரியம் இப்ப இருக்கு. வைங்க அத்தை… வைங்கன்னா—