மேஸ்திரி கொட்டிய தோட்டம்

— திரும்பச் சொல்றேன்பா. பின்பக்கத்து இடம் எனக்கு வேணும்.

— அடிப்பாவி, கேட்டே கேட்டுட்டியா! அவர்கிட்ட எதை வேணும்னாலும் கேளு, இடத்தை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! ஏங்க, அவ காப்பி வேணும்னுதாங்க கேட்டா.

— காப்பி கேக்கலம்மா. இடம் கேட்டேன்.

— கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. இந்தா பாரு பட்டதாரி, கலவை லாரி கிளம்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல பின்பக்கம் பூரா காங்கிரீட். தம்பி கார் நிறுத்த வேண்டாமா?

— எந்தக் கார்?

— வாங்கப் போற கார்.

— லைசென்ஸ் இருக்கா?

— எடுக்கப் போறான்.

— முதல் டெஸ்ட்டுல கம்பத்தை இடிச்சான். அடுத்த டெஸ்ட்டுல, டெஸ்ட் வைக்க வந்த ஆபீசரோட ஸ்கூட்டரை இடிச்சான். அவனுக்கு கார் நிறுத்த இடம் எதுக்குப்பா? முட்டி நிக்க ஒரு சுவர் போதுமே.

— இந்தா பாரு, எம்புள்ளைய...

— விடுங்க. இடிக்கிறது உங்க தொழில், அவனுக்கும் வருது.

— ஏய்! நான் கட்டுறவன். இடிக்கிறது அதுக்கு முன்னாடி பண்ற கைவேலை. ஏண்டி, உன் மகளைக் கொஞ்சம் அடக்கு.

— படிக்க வெச்சது நீங்க, அடக்குறது மட்டும் நானா? சண்டையை அப்படியே ஒரு ஓரமா வெச்சுட்டு ரெண்டு பேரும் இந்தக் கதவுகிட்ட வாங்க. வாங்களேன்! ஐயோ, கண்ணு கூசுது! அந்தச் சிவப்பைப் பாருங்க. சுவரோரமா மஞ்சள், அங்க தண்ணித் தொட்டிகிட்ட ஊதா! என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!

— படியிலயே நில்லும்மா, இறங்காதே. சேறு வழுக்கும்.

— வழுக்கினா பூ மேலதானே விழுவேன், விழுந்துட்டுப் போறேன். ஏங்க, நீங்களும் பாருங்க. நம்ம மலையில குளிர் விட்டு ஒரு வாரம் கூட ஆகல. எல்லாம் என் கைராசி!

— உன் கைராசியா? உன்னைப் பார்த்தாலே புதினா கருகும். கள்ளிச்செடிக்கே தண்ணி ஊத்தி அழுக வெச்சவ நீ.

— அதெல்லாம் அப்போ. குளிர் வர்றதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி கொத்தமல்லியை நுணுக்கித் தூவினேன். அதுதான் இப்படி வந்திருக்கு.

— கொத்தமல்லி டூலிப்பா முளைக்காதும்மா.

— ஏன் முளைக்காது? நீ பொறந்தப்ப இது ரொம்ப சாதுவான புள்ளைன்னுதான் நான் நினைச்சேன். முளைச்சு வந்ததைப் பார்த்தியா?

— சரி, சாது கேக்குறேன். அப்பா, இந்த மண்ணு எங்கேயிருந்து வந்துச்சு?

— எந்த மண்ணு?

— பின்பக்கம் பள்ளமா இருக்குன்னு குளிருக்கு முன்னாடி ரெண்டு லாரி கொட்டி மட்டம் பண்ணினீங்களே, அந்த மண்ணு.

— அதுவா? நம்ம தெருமுனையில கண் டாக்டரம்மா வீட்டை இடிச்சோமே, அந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள இருந்த மண்ணு. பழைய வீடு, நல்ல செம்மண். அள்ளிட்டுப் போங்கன்னாங்க, அள்ளிட்டு வந்தேன். ஏன்?

— அந்தம்மா வீட்டு முன்னாடி பெரிய தோட்டம் இருந்துச்சா?

— ஒரு காலத்துல இருந்துச்சாம். நான் போனப்ப முழங்கால் உசரத்துக்குப் புல்லுதான். பாம்பு வருமோன்னு ஆளுங்க உள்ள இறங்கவே பயந்தாங்க.

— புல்லுக்கு அடியில கிழங்கு இருந்திருக்குப்பா. டூலிப் கிழங்கு, லில்லிக் கிழங்கு, எனக்கே பேர் தெரியாத ஏதேதோ. வெச்சவங்களே மறந்து போன கிழங்கு. நீங்க மண்ணோட சேர்த்து அதையும் வாரிட்டு வந்து இங்க கொட்டிட்டீங்க. குளிர் பூரா தூங்கிட்டு, வெயில் பட்டதும் எழுந்துருச்சு.

— அப்போ... அப்போ இந்தத் தோட்டத்தை வெச்சது நான்!

— வெக்கலப்பா. கொட்டினீங்க.

— கொட்டினா என்ன, நட்டா என்ன, கை யாரு கை? பாரேன், அந்த மஞ்சள் எப்படி நூல் பிடிச்ச மாதிரி வரிசையா வந்திருக்கு! மேஸ்திரி கைடா இது. மண்ணைக் கொட்டினாலும் மட்டமா கொட்டும்.

— அது வரிசையா? அது குடிச்சுட்டுப் போறவன் நடந்த மாதிரி இருக்கு. என் கொத்தமல்லியை எடுத்துட்டு இப்போ உங்க மண்ணுங்கறீங்க!

— ஏண்டி, உன் கொத்தமல்லி எங்கேன்னு காட்டு, ஒரே ஒரு இலையைக் காட்டு, நான் இந்த வீட்டை உன்கிட்ட விட்டுட்டுத் தெருவுல நிக்கிறேன்.

— வீட்டையெல்லாம் அம்மாவுக்குத் தூக்கிக் குடுக்குறீங்க. நான் கேட்டது பின்பக்கம் மட்டும்தானே?

— மறுபடியும் ஆரம்பிச்சுட்டா! நல்லாத்தானே சிரிச்சுட்டு இருந்தோம்.

— நீ சும்மா இரு. இந்தா பாரும்மா. உன்னை எதுக்குப் படிக்க வெச்சேன்? நானும் மண்ணு, எங்கப்பனும் மண்ணு, அவங்கப்பனும் மண்ணு. சுண்ணாம்புல நின்னு நின்னு கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போச்சு. நீயாவது விசிறிக்குக் கீழ உக்காரணும்னுதானே காலேஜுக்கு அனுப்பினேன்? அங்க போய் என்ன படிச்சுட்டு வந்தே? தோட்டக்கலை! மண்ணுல இருந்து தூக்கி விட்டா, நீச்சல் அடிச்சு மண்ணுக்கே வர்றே.

— நீங்க மண்ணை மூடுற வேலை பார்த்தீங்க. நான் திறக்குற வேலை படிச்சேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.

— வாய்க்குக் குறைச்சல் இல்ல.

— வாயும் உங்ககிட்டயிருந்து வந்ததுதான். படிச்சு முடிச்சு வீட்டுல உக்காந்திருக்கேன்பா. நான் போய்க் கேட்ட இடத்துல எல்லாம் அனுபவம் கேக்குறாங்க. எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தா நாத்துப் பண்ணை போட்டு நானே நாலு பேருக்கு வேலை குடுப்பேன். தம்பி பத்தாவதுல நின்னான். இல்லாத காருக்கு அவன் கேக்காமலே இடம் கிடைக்குது. நான் வாய் விட்டுக் கேட்டா, கேட்டதே தப்புன்னு அம்மா காப்பிக் கதை சொல்றா.

— நான் என்ன பண்ணுவேன் கண்ணு. எங்கக்கா ஒரு தடவ எங்கப்பாகிட்ட இடம் கேட்டா. அதோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லாம போச்சு. அந்தப் பயம்.

— அம்மா, அந்தப் பெரியம்மா தப்பா கேக்கல.

— ஐயோ, யாரோ சுவத்துக்கு மேல எட்டிப் பார்க்குறாங்க. பக்கத்து வீட்டுத் தையல்காரர்! என்னங்க அண்ணே? ஆமாமா, எங்க வீட்டுதுதான்! ...ஏங்க, இதையெல்லாம் மேஸ்திரியா வெச்சார்னு கேக்குறார்.

— ஆமான்னு சொல்லு! சத்தமா சொல்லு!

— ஆமாண்ணே, இவருதான் வெச்சாரு! ...என்னது? இதுக்கு மேல காங்கிரீட் ஊத்தப் போற மனுஷனும் இவருதானான்னு கேக்குறார்.

— அதை... அதைக் காதுல விழலன்னு சொல்லு.

— விழலையாம் அண்ணே! ...சிரிக்கிறாருங்க. அவர் சம்சாரமும் ஸ்டூல் போட்டு ஏறிட்டாங்க. எதிர்வீட்டு நர்ஸு நேத்தே வந்து நாலு பக்கம் நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனா. ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் காட்டினாளாம். மேஸ்திரி வீடா, மேஸ்திரி வீடான்னு கேட்டாங்களாம்.

— ஆஸ்பத்திரியிலயா? டாக்டருங்க எல்லாம் பார்த்தாங்களா?

— டாக்டருங்க, கம்பவுண்டரு, படுத்திருந்த பேஷன்ட்டு கூட எழுந்து உக்காந்து பார்த்தாராம்.

— என் வேலையை இதுவரைக்கும் யாரும் போட்டோ எடுத்ததில்ல. எத்தனை வீடு கட்டியிருப்பேன்! கிரகப்பிரவேசம்னா கட்டினவனை வாசல்ல நிறுத்திட்டு, வாங்கினவனைத்தான் போட்டோ எடுப்பாங்க.

— அப்பா, போன் அடிக்குது.

— ஹலோ. ஆங், சொல்லு. முனைக்கு வந்துட்டியா? ...இரு. ...இருய்யா, யோசிக்க விடு. ...இல்ல, உள்ள வராதே. திருப்பு. ...ஏன்னா, பூத்துடுச்சு. ...கலவை பூக்கலய்யா, பூ! பூ பூத்துடுச்சு! ...குடிக்கலய்யா, இந்த நேரத்துல எவன் குடிப்பான்? ...அந்த ஸ்கூல் காம்பவுண்டுக்கு நாளைக்கு ஊத்த வேண்டியது இருக்குல்ல, அங்க கொண்டு போய் ஊத்திடு. ஆளுங்களை நான் கூப்பிட்டுச் சொல்றேன். ...சிரிக்காதே. போனை வை.

— ஏங்க! லாரியைத் திருப்பிட்டீங்களா! கண்ணு, உங்கப்பா லாரியைத் திருப்பிட்டாருடி! நான் கும்பிடாத தெய்வம் இல்ல!

— ஆச்சு. தம்பி காரைத் தெருவுல நிறுத்தட்டும். வாங்கினா பார்த்துக்கலாம். என்ன பட்டதாரி, இப்போ திருப்தியா? மூஞ்சியில ஒரு சிரிப்பையும் காணோம்.

— இடத்தை யாருக்குக் குடுத்தீங்கப்பா?

— என்ன கேள்வி இது? பூ இருக்கட்டும்னுதான் விட்டேன்.

— பூவுக்குக் குடுத்தீங்க. எனக்கு?

— ரெண்டும் ஒண்ணுதானே! நீ தண்ணி ஊத்து, களை எடு, உன் இஷ்டத்துக்குப் பார்த்துக்கோ. இடம் தம்பிக்குன்னு ஆனது ஆனதுதான், அதுல பேச்சு கிடையாது. கல்யாணம் ஆகுற வரைக்கும் நீ வெச்சு விளையாடு.

— விளையாட.

— அட, அதான் மனசு இறங்கி வந்துட்டாரே, நீ ஏன் விறைச்சுக்கிட்டு நிக்கிறே? சந்தோஷமா ஒரு சிரி சிரியேன்.

— சிரிப்புத்தாம்மா வருது. இத்தனை நேரம் அடக்கிட்டு இருக்கேன். நான் கேட்டப்ப அசையாத மனுஷன், தையல்காரர் கேட்டதும் லாரியைத் திருப்புறார்.

— இந்தா பாரு, பெத்தவன்கிட்ட...

— பெத்தவர்கிட்டதான் முதல்ல கேட்டேன்பா. கேக்காமலே போயிருந்தா, ‘வாயைத் திறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே’ன்னு ஊர் பூரா சொல்வீங்க. அதுக்குத்தான் கேட்டேன். இப்போ சொல்ல முடியாது பாருங்க.

— போயிருந்தாலா? எங்கடி போறே? அது என்ன பை? அந்தப் பை எப்போ கட்டினே?

— டாக்டரம்மா மனைக்கு. மண்ணு அங்கேயிருந்துதான் வந்துச்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்தச் சிவப்புப் பூவுல ஒண்ணை நேத்தே பறிச்சு, அவங்க இப்போ இருக்குற மாடி வீட்டுல கொண்டு போய்க் குடுத்தேன். கையில வாங்கிட்டு அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. அது அவங்க படிக்கிறப்ப வெச்சதாம். எங்க வெச்சேன்னே மறந்துட்டேன், நீ கண்டுபிடிச்சுட்டியேன்னு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

— ஐயய்யோ! பூவைத் திருப்பிக் கேட்டாங்களா? மண்ணு வேண்டாம்னு சொன்னதே அவங்கதான். நான் அள்ளினது நியாயமா அள்ளினது!

— பூவைக் கேக்கலப்பா. என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். அங்க இனிமே வீடு கட்டுற எண்ணம் இல்லையாம், மாடி வீடே போதுமாம். மனை சும்மா கிடக்கு, நீ பண்ணை போடு, விளையுறதுல பாதிக்குப் பாதின்னாங்க. வாசல்ல என் பேர்ல போர்டு. நீங்க இடிக்காம விட்ட காவல்காரர் ரூம் ஒண்ணு இருக்கே, அதுல தங்கிக்கப் போறேன்.

— அந்த ரூமா? அதுல பல்லி இருக்குமேடி! சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?

— தெருமுனைதாம்மா. நீ இங்கேயிருந்து கத்தினா அங்க கேக்கும். எப்படியும் தினம் கத்துவே.

— அவ போகட்டும் விடு. போகட்டும்! எனக்கு ஒண்ணும் இல்ல. வெறும் மனையில போய் என்னத்தை விளைய வெப்பா? அங்க இருந்த நல்ல மண்ணு பூரா இங்க இருக்கு. பூ பூரா இங்க இருக்கு. கலர் கலரா என் வீட்டுல நிக்குது. இனிமே நானே பார்த்துக்குறேன், நானே தண்ணி ஊத்துறேன். ஊரே வந்து பார்க்கட்டும்!

— நல்லாப் பார்க்கட்டும்பா, நாலஞ்சு நாளைக்கு வாடாது. கிழங்கையெல்லாம் விடியக்காலையிலயே தோண்டி அங்க கொண்டு போய் நட்டுட்டேன். இங்க நிக்கிறது அத்தனையும் நான் நறுக்கி மண்ணுல செருகின பூ. வர்றேம்மா.